ஒரே குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

பேருந்து நிலையத்தின் கூரை காற்றில் பறந்த வருடம்தான் நாம் பேச்சை நிறுத்தினோம். நம் இரண்டு வீட்டுச் சாக்கடைக்கும் ஒரே குழாய். அந்த மழையில் அது இரண்டு குளியலறையிலும் பொங்கியது. உன் மனைவி தன் பக்கத்துத் துளையைச் சாக்கால் அடைத்தாள். அத்தனையும் எங்கள் அடுப்படிக்கு வந்தது.

"உங்க நாத்தத்தையும் நாங்கதான் சுமக்கணுமா?" என்று என் மனைவி கத்தினாள்.

"உங்க வீட்டுல மட்டும் பன்னீரா ஓடுது?" என்றாள் உன்னவள்.

நாம் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

நேற்று மறுபடியும் பொங்கியது. அடைக்கலாம் என்று சாக்கைக் கையில் எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்டது. கீழே வைத்துவிட்டேன்.

காலையில் வந்த பிளம்பர், "தண்ணி திரும்பி ஏறாம ஒரு வால்வு போடலாம் தாத்தா. உங்களுக்கு மட்டும் போட்டா எல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்" என்றார்.

"ரெண்டு வீட்டுக்கும் போடுப்பா, இல்லேன்னா எனக்கும் வேண்டாம்" என்றேன். நாளை வருகிறார். கதவைத் திறந்துவிடு.

நான் சொல்லச் சொல்ல எழுதி, இன்றே உன் கையில் கொடுக்கப்போகும் தெருமுனைக் கடைக்காரர், "தட்டினா கேக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கா கடிதம், பெருசு?" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்று அந்தத் தண்ணீரில் நின்ற நால்வரில் பெண்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான்.

உன் அண்ணன்