நான்காவது வரிசையின் நட்சத்திரம்

அன்பு மிக்க உங்களுக்கு,

வீட்டில் உடம்புக்கு எல்லாரும் சுகம்தான். மனசுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அப்புறம் உங்களுக்கு அங்கே வேலை ஓடாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. பிளம்பர் நான்கு நாள் “இதோ வந்துட்டே இருக்கேன்” என்று இழுத்தடித்துவிட்டு, வந்து கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்.

போன மாதம் நீங்கள் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா? “என்ன, நம்ம ரேடியோவுக்கு பேட்டரி தீந்து போச்சா? ‘ம்’, ‘சாப்ட்டேன்’, ‘நல்லா படிக்கிறேன்’, அதுக்கு மேல ஒண்ணும் வர மாட்டேங்குதே” என்றீர்கள். பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு பேசினவள் என்றுதானே நம் பெண்ணுக்கு ரேடியோ என்று பேர் வைத்தீர்கள்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெண்ணுக்கு ஒன்பது வயதாகிறது, அடக்கமாக வளர்கிறாள், அதுவும் என் வகுப்பிலேயே வளர்கிறாள், இதில் உங்களுக்கு என்ன குறை என்று வெடித்தேன். அன்று நீங்கள் பதில் பேசாமல் விட்டது உங்கள் பெரிய மனசு.

என் நட்சத்திர அட்டவணையைப் பற்றி உங்களிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! வகுப்பில் ஐந்து வரிசை. பாடம் முடியும்வரை சத்தம் போடாத வரிசைக்கு ஒரு ஜிகினா நட்சத்திரம். ஒருவர் வாயைத் திறந்தாலும் அந்த வரிசைக்கே நட்சத்திரம் கிடையாது. வெள்ளிக்கிழமை அதிக நட்சத்திரம் வாங்கிய வரிசைதான் விளையாட முதலில் போகலாம். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம், தொண்டை வற்றக் கத்த வேண்டாம். இரண்டே வாரத்தில் முப்பத்தெட்டு பிள்ளைகளும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார்கள். பார்வையிட வந்த அதிகாரி, அடுத்த மாதம் நாற்பது ஆசிரியர்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளுங்கள். பதறாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நீளமான கணக்கு, ஆறு வரி. ஜலதோஷத்தால் எனக்கு மூக்கு வேறு அடைத்திருந்தது. எழுதி முடித்துத் திரும்பினால், பின்சுவரில் இருக்கிற ஃபேன் சுவிட்ச் போர்டிலிருந்து குபுகுபுவென்று புகை. முப்பத்தெட்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. நான்தான் ஐயோ என்று அலறி அத்தனை பேரையும் வெளியே துரத்தினேன். வாட்ச்மேன் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

மைதானத்தில் நிற்க வைத்து, முதலில் யார் பார்த்தது என்று கேட்டேன். எல்லாரும் நம் பெண்ணைக் காட்டினார்கள். கருகுகிற நாற்றம் வந்தால் முதலில் கத்து, அப்புறம் ஓடு என்று, எலக்ட்ரீஷியன் மகளாயிற்றே என்று, அவள் நடக்கப் பழகும்போதே நீங்கள் சொல்லிக்கொடுத்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். “எங்க வரிசை ஸ்டார் போயிடும் டீச்சர்” என்றாள். பக்கத்தில் நின்ற பெண், இவள் எழுந்திருக்கப் பார்த்ததாகவும், தான்தான் தொடையில் கிள்ளி உட்கார வைத்ததாகவும், தப்பே செய்யாத முகத்தோடு சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு ஜூலை மாதம் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. நிழல் ஏன் மத்தியானம் குட்டையாகிறது என்று பாடத்தின் நடுவில் இவள் கேட்டாள். மற்ற பிள்ளையாக இருந்தால் அன்றைய நட்சத்திரம் கிடையாது என்பதோடு விட்டிருப்பேன். டீச்சர் மகள் என்று சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! அவள் வரிசைக்கு ஏற்கனவே ஒட்டியிருந்த நட்சத்திரத்தையும் கிழித்து எடுத்தேன். அந்த வாரம் முழுக்க இவள் உட்காருகிற நான்காவது வரிசையில் ஒரு பிள்ளைகூட இவளோடு பேசவில்லையாம். இதையும் நான் செவ்வாய்க்கிழமைதான், அந்தக் கிள்ளின பெண் வாயாலேயே தெரிந்துகொண்டேன். பெற்ற தாய்க்கு இது தெரியவில்லை பாருங்கள்.

வீட்டுக்கு வந்து என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினேன். ‘மாணவர் கேட்ட கேள்விகள்’ என்று ஒரு பத்தி உண்டு. போன வருஷம் அது நிரம்பி வழிந்தது. சூரியனை எடை போட்டது யார், பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும் முன்னால் பத்து வரை எப்படி எண்ணினார்கள் என்றெல்லாம் கேட்டு என் பிராணனை வாங்கியிருக்கிறார்கள். இந்த வருஷம் ஐந்து மாதமாக அந்தப் பத்தி காலி. பரீட்சையில் மட்டும் மதிப்பெண் கூடியிருக்கிறது. நான் கரும்பலகையில் தப்பாகப் போட்ட ஒரு கூட்டலை, அப்படியே தப்பாக முப்பது பேர் எழுதியிருக்கிறார்கள். அதையும் நான் கவனமாகப் படிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே அட்டவணையைக் கழற்றினேன். தலைமையாசிரியர், “நல்லா ஓடுற வண்டியை ஏம்மா நிறுத்துறீங்க? பயிற்சிக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்றார். புகையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன் என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இப்போது தினமும் முதல் பத்து நிமிஷம் யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேள்வி கேட்டால் நட்சத்திரம் என்று வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பட்டும் புத்தி வரவில்லை எனக்கு! இரண்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன், “டீச்சர், வாங்கின ஸ்டார் எல்லாம் செல்லுமா செல்லாதா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அப்புறம் இரைச்சல் ஆரம்பித்துவிட்டது, இன்று என் தொண்டை கட்டியிருக்கிறது. அடங்கவே மாட்டேன் என்கிறார்கள், அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

நான்காவது வரிசையில் எல்லாரும் பேசுகிறார்கள். நம் பெண் மட்டும் இன்னும் பேசவில்லை.

நேற்று சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் பின்னாலிருந்தே சொன்னேன். அந்த நிழல் கேள்வி நல்ல கேள்வி, உன் நட்சத்திரத்தைக் கிழித்தது என் தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் திரும்பவில்லை. “பரவால்ல டீச்சர்” என்றாள். இது நம் வீட்டில், நம் கூடத்தில். என் கையில் பின்னல் அவிழ்ந்துவிட்டது. பள்ளியில் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நான் போட்ட சட்டம் அது. எந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள். நிழல் ஏன் குட்டையாகிறது என்று அவளைக் கேளுங்கள். அவள் பேசாவிட்டாலும் அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள், லைனில் சும்மா இருங்கள். அம்மா எங்கே என்றும் ஒரு தடவை கேளுங்கள். டீச்சர் சமையலறையில் இருக்கிறார்கள் என்று சொன்னால் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். எந்த டீச்சர் என்று மட்டும் கேளுங்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை மறக்காதீர்கள்.

என்றும் உங்கள்,
ரேடியோவின் அம்மா