காலி இடம் கூடாத நகரம்

மரக்காணம்
10.2.2005

அன்புள்ள சாமு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் எழுதுகிறேன். போன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. அதில் பேசினால் தெருவே கேட்கும். அதனால்தான் கடிதம்.

உன் பொட்டலம் வந்தது. நிவாரணச் சாமான் என்று நினைத்து இவர் ஆசையாகப் பிரித்தார். உள்ளே கதைப் புத்தகம்! "ஒன் சிநேகிதிக்குப் புத்தி கித்தி பெரண்டுடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கோ அட்டையைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது. 'சாம்பல் மதில்', மூன்று பாகமும்! இருபது வருஷம் கழித்து எந்தப் பழைய புத்தகக் கடையில் தோண்டி எடுத்தாய்?

உப்புப் பாத்தி முழுக்கச் சேறு ஏறிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் உப்பு விளைய ஆரம்பித்திருக்க வேண்டும். இவர் ஆள் வைத்து வாரிக்கொண்டிருக்கிறார். என் தம்பி பாலகுரு மட்டும் வேலைக்குப் போவதில்லை. சுனாமி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, "நல்ல மீனா பாத்து வாங்கியா" என்று பெண்டாட்டி ஜெயாவைக் கடற்கரைக்கு அனுப்பியது அவன்தான். போனவள் வரவேயில்லை. இப்போது கடல் இருக்கும் திசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான். அவனும் போய்விடுவானோ என்று ராத்திரி இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். அவர்கள் கைக்குழந்தை அம்சாவை என் மகள் கிருபாதான் இடுப்பைவிட்டு இறக்காமல் வைத்திருக்கிறாள். பத்தாவது பரீட்சை வேறு வருகிறது.

கருமாதியன்று பெரியப்பா ஒரு பேச்சை ஆரம்பித்து வைத்தார். அது கிடக்கட்டும்.

உன்
சங்கீ

•

சென்னை
18.2.2005

அடியே சங்கீ,

உன் எழுத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தாலும் கண் எழுத்தில் நிற்பதில்லை. செய்தித்தாளில் மரக்காணம் என்ற பெயர் வரும் பக்கத்தைத்தான் தேடுகிறேன்.

புத்தகத்தை ஏன் அனுப்பினேன் என்று உன் வீட்டுக்காரருக்குச் சொல். அரிசியும் போர்வையும் எல்லோரும் அனுப்புவார்கள். உனக்குப் பயம் பிடித்தால் கதை படித்தால்தான் அடங்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நினைவிருக்கிறதா? அந்தக் கதையில் வரும் நகரத்தின் ஒரே சட்டம், 'எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது'. யாராவது செத்தால் மறுநாளே அந்த வேலையில், அந்த வீட்டில் இன்னொருவரைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். விளக்குக் காவலன் பெண்டாட்டி செத்ததும் நம் கதாநாயகி இளவேனியைப் பிடித்து அங்கே தள்ளினார்களே! அவளுடைய அம்மா வாயைத் திறக்காமல் மகளுக்குத் தலை பின்னி அனுப்பி வைத்தாளே, அந்தப் படத்தில் அவள் முகத்தில் நீ மையைக் கொட்டி, நூலகத்தில் திட்டு வாங்கினாய். இந்தப் பிரதியில் முகம் சுத்தமாக இருக்கும். வேண்டுமானால் மறுபடி கொட்டிக்கொள்.

பெரியப்பா என்ன பேசினார்? 'அது கிடக்கட்டும்' என்று நீ எழுதினால் அது சும்மா கிடக்கிற விஷயம் இல்லை என்று அர்த்தம். மறைக்காமல் எழுது.

உன்
சாமுண்டீஸ்வரி

•

மரக்காணம்
6.3.2005

அன்புள்ள சாமு,

கேட்டுவிட்டாய், சொல்லித்தான் ஆக வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவும்போது சகாதேவன் பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். "பாலகுருவுக்குப் பொண்ண வெளியில எதுக்குத் தேடணும்? கிருபா இருக்குதே. சொந்தத் தாய்மாமன். புள்ளையும் அதுங்கிட்ட ஒட்டிக்கிச்சு." ஒருத்தரும் மறுக்கவில்லை. இவர் தலையை ஆட்டினார். சின்ன வயதிலிருந்து அவளை 'மாமன் பொண்டாட்டி' என்று நாங்களே கேலி செய்து வளர்த்தோம். இப்போது அந்தக் கேலி உண்மையாக வந்து நிற்கிறது. பரீட்சை முடிந்ததும் சித்திரையில் பரிசம், வைகாசியில் கல்யாணம்.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. கேள். கிருபாவை நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லமா. பாப்பாவ வேற யாரு பாத்துக்குவா?" என்றாள். அழவில்லை. பாலகுரு அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் குளித்துச் சாப்பிட்டான். ஜெயாவின் அக்கா சுலோசனா கீழ்புத்துப்பட்டில் இருக்கிறாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்றால் தம்பி என்ன ஆவான்?

இரண்டாம் பாகம் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாவின் பக்கங்களை நாம் அந்த வயதில் தள்ளிவிட்டுத் தாண்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. மதிலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. உள்ளே இருந்தால் மகள் கண் முன்னால் இருப்பாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அவளுக்கு நம் வயதுதான் சாமு. படத்தில் கிழவி மாதிரி வரைந்து நம்மை ஏமாற்றிவிட்டார்கள். என்னால் அவள்மேல் மை கொட்ட முடியவில்லை.

உன்
சங்கீ

•

சென்னை
14.3.2005

சங்கீதா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் கோபம் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

கிருபாவுக்குப் பதினைந்து வயது. பாலகுருவுக்கு முப்பதுக்குக் கிட்டே. அவன் நல்லவன், நானும் அவனைத் தூக்கி வளர்த்தவள்தான். அதற்காக உன் மகள் என்ன, உடைந்த ஓட்டுக்குப் பதிலாகச் செருகுகிற ஓடா? 'அழவில்லை' என்று பெருமையாக எழுதுகிறாய். அழாத பிள்ளையைப் பார்த்தால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை உனக்கு அனுப்பியது அந்த அம்மாவுக்கு வக்காலத்து வாங்கவா? ராத்திரி தூங்காமல் இருந்தாளாம்! தூங்காமல் இருந்து என்ன பிரயோஜனம், விடிந்ததும் தலை பின்னித்தானே அனுப்பினாள்?

கிருபாவை என்னிடம் அனுப்பு என்று சொல்லத் துடிக்கிறேன். நான் இருப்பது மகளிர் விடுதி, விருந்தாளிக்கே இடம் கிடையாது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் நிறுத்த அதிகாரிகள் இருக்கிறார்கள். நீ வாயைத் திறக்காவிட்டால் நான் திறப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

சாமு

•

மரக்காணம்
4.4.2005

அன்புள்ள சாமு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். குழந்தை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். நினைத்ததைச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

போன வாரம் மறுபடியும் கடல் வருகிறது என்று வதந்தி கிளம்பி ஊரே ஓடியது. நீயும் கேள்விப்பட்டிருப்பாய். கிருபா அம்சாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். பின்னால் வந்த ஒரு பொம்பளை, "பாலகுரு பொண்டாட்டி, புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கினு ஓடுமா!" என்று கத்தினாள். சாமு, கிருபா திரும்பிப் பார்த்து "சரிக்கா" என்றாள். அலை வரவில்லை. எனக்கு மட்டும் காலுக்குக் கீழே எல்லாம் இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் 'சாம்பல் மதில்' படித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, கதைப் புத்தகமா என்று பிடுங்கப் போனேன். "இருமா," என்றாள். "நீயும் சாமு அத்தையும் இவள இழுத்துக்கினு போனாங்கன்னு சொல்லுவீங்களே. அப்பிடி ஒண்ணும் இல்லியே. இவதான் கையத் தூக்குறா." வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. மண்டபத்தில் காவலர்கள் ஒருவரையும் தொடவில்லை. யார் போகிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். இளவேனி தானாகக் கையைத் தூக்குகிறாள். இத்தனை வருஷமும் நாம்தான் அங்கே ஈட்டியும் சங்கிலியும் வைத்துப் படித்திருக்கிறோம்.

"ஏன் தூக்குனாளாம்?" என்று கேட்டேன். கிருபா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எல்லாரும் அவளியே பாத்துக்கினு இருந்தா வேற என்னா செய்வா?"

நான் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லிவிடுவேன் சாமு. தம்பியிடமும் இவரிடமும் நானே சொல்கிறேன். அம்சாவை நான் வளர்க்கிறேன் என்று சொல்லப்போகிறேன். அவன் ஏதும் செய்துகொள்வானோ என்றுதான் பயம். அவனிடம் பதமாகச் சொல்ல வேண்டும். நீ யாருக்கும் எழுதாதே, யாரிடமும் போகாதே. எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. என்னை நம்பு.

உன்
சங்கீ

•

சென்னை
7.4.2005

என் சங்கீக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. நேற்று வந்திருக்கக் கூடாதா?

நேற்று அச்சகத்தில் இருந்தே சமூகநலத் துறைக்குப் போன் செய்துவிட்டேன். ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டார். ஊர், தெரு, பெயர் எல்லாம் கொடுத்தேன். நீங்கள் யார் என்று கேட்டதற்குப் பெண்ணின் அம்மாவுக்கு வேண்டியவள் என்று சொன்னேன். இன்றைக்கு மறுபடி கூப்பிட்டு, வேண்டாம், அவளே நிறுத்தப் போகிறாள் என்றேன். புகார் பதிவாகிவிட்டது, விசாரிக்காமல் விட முடியாது என்றார்கள்.

மூன்று வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பரிசம் நெருங்கிக்கொண்டே வருகிறது. நான் என்னவென்று நினைப்பேன்? செய்ததற்கு வருத்தப்படவில்லை. அவசரப்பட்டதற்கு வருத்தப்படுகிறேன். அவர்கள் வருவதற்குள் உன் தம்பியிடம் பேசிவிடு. உடனே பதில் போடு. போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன்
சாமு

•

மரக்காணம்
9.5.2005

சாமுண்டீஸ்வரிக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது அதிகாரிகளின் ஜீப் வந்துபோன தடம் தெருவில் அப்படியே இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜீப் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பியை வரப்பில் உட்கார வைத்துச் சொன்னேன். "கிருபா வேணாம்டா. அது கொழந்த. அம்சாவ நான் வளக்குறேன்." எத்தனை நாளாக வாயில் வைத்திருந்த பேச்சு! அவன் என் மடியில் தலை வைத்து அழுதான், ஜெயா போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதான். "எனக்கும் அது புடிக்கலக்கா. நீங்க எல்லாரும் சொன்னீங்கன்னுதான் சும்மா இருந்தேன்" என்றான். என் தம்பி எனக்குத் திரும்பக் கிடைத்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் ஜீப் வந்தது. பாலகுருவைத் தெருவில் நிற்க வைத்து, இந்தக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பெரியப்பா யார் சொன்னது என்று கத்தியபோது, "பொண்ணோட அம்மாவுக்கு வேண்டியவங்கதான் சொல்லியிருக்காங்க" என்றார் ஒருவர். ஊரே என் முகத்தைப் பார்த்தது. தம்பியும் பார்த்தான்.

அவன் அம்சாவைத் தூக்கிக்கொண்டு கீழ்புத்துப்பட்டுக்குப் போய்விட்டான். முடியாது என்ற சுலோசனா இப்போது வைத்துக்கொண்டாள். அவளுடைய மூத்த மகள் எட்டாவது படித்தவள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாளாம். இளவேனி மதில் ஏறித் தப்பிப் போனதும் கைதட்டினோமே, அன்றைக்கே அந்த இடத்தில் யாரை வைத்தார்கள் என்று மூன்றாம் பாகத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. நீயும் படித்துப் பார்.

கிருபாவுக்குக் கல்யாணம் நின்றது. அது நல்லது. உன்னால்தான் நின்றது என்று நாளைக்கு யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. மேலே படிக்கிறேன் என்கிறாள். இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் சேர்த்துவிடுவேன்.

ஆனால் அவள் என்னைக் கேட்டாள். "ஜீப்பு வருதுன்னு தெரிஞ்சுதானமா முந்தின நாளு மாமாகிட்ட வேணாம்னு சொன்ன?" இல்லை என்று சத்தியம் செய்தேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

என் ஆயுசில் நான் வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு தரம்தான். இப்போது அதை நானாகச் சொன்னதாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. தம்பி நம்பாததும் மகள் நம்பாததும் எனக்குப் புரிகிறது. ஜீப்பைப் பார்த்தவர்கள் அவர்கள். நீ அப்படி இல்லை. நான் சொல்வேன் என்று உலகத்தில் ஒருத்தியாவது காத்திருப்பாள் என்றால் அது நீதான் என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. இலை போட்டுப் பரிமாறுவேன். எழுத மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தே. சங்கீதா