முனியாண்டிக்கு வராத அழைப்பிதழ்

4-1-2002, வெள்ளி

பனி. ஏரிப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. என் எழுத்து கோணல். ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே. பொறுத்துக்கொள், நோட்டே. எழுதப் பழகியதே போன ஆடியில்தான்.

இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் சாப்பாட்டுக்கு அழைப்பிதழ். ‘திரு. சின்னசாமி, திருமதி வள்ளி.’ நானே வாசித்தேன். வள்ளி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். இந்த வருடம் எல்லாம் கம்ப்யூட்டர் அச்சு. மருமகள் பத்மாவின் வேலை.

6-1, ஞாயிறு

முனியாண்டி டீ குடிக்க வரவில்லை. டாக்குரியா ஸ்டேஷன் தாண்டி அவன் வீட்டுக்குப் போனேன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் ஒன்றாக வேலை பார்த்தவன், உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவனுக்கு அழைப்பு வரவில்லையாம். வருடா வருடம் பந்தியில் சாம்பார் வாளி அவன் கையில்தான்.

“உன் மருமக மிஷினுக்கு என்னைப் பிடிக்கலையாக்கும்.”

பத்மாவைக் கேட்க வேண்டும்.

7-1, திங்கள்

பத்மா சால்ட் லேக் ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டேன். கம்ப்யூட்டரைத் திறந்தாள். கண்டுபிடித்துவிட்டாள்! மறக்காமல் எழுதுகிறேன்.

ஓர் அட்டவணையில் உறுப்பினர்கள். இன்னொன்றில் மனைவிமார். இரண்டிலும் உறுப்பினர் எண். மிஷின் இங்கே ஓர் எண்ணை எடுத்து அங்கே தேடும். ஒத்துப்போனால் இரண்டையும் ஒட்டி ஒரே வரி. அதுதான் ஜாயின். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆளையே விட்டுவிடும். கோபம் இல்லை, பகை இல்லை. ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

முனியாண்டி கல்யாணம் ஆகாதவன்.

“லெஃப்ட் ஜாயின் போட்டிருக்கணும் மாமா. என் தப்புதான்.”

அதைப் போட்டால் இடப்பக்கத்து அட்டவணையின் உறுப்பினர்கள் எல்லோரும் வருவார்கள். ஜோடி இல்லாதவர் பக்கத்தில் காலி இடம். ஒரே ஒரு சொல் சேர்த்தாள். விட்டுப்போனவர்கள் எல்லாம் திரையில் வந்து நின்றார்கள். நடுவில் முனியாண்டி! கை தட்டினேன். வள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்றாள்.

8-1, செவ்வாய்

புது அழைப்பிதழை நானே கொண்டுபோனேன். வழியில் எழுத்துக் கூட்டினேன். ‘திரு. முனியாண்டி, திருமதி’. அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் இடம். பத்மாவும் கவனிக்கவில்லை. திரும்பலாம் என்றால் வாசலில் நின்று பார்த்துவிட்டான்.

அவனுக்கு எழுத்துத் தெரியாது. வாசி என்றான். ‘திருமதி’யை விட்டு வாசித்திருக்கலாம். மனம் வரவில்லை, இருந்தபடி வாசித்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு அடித்துத் தருகிறேன் என்றேன். அட்டையைப் பிடுங்கிக்கொண்டான்.

“இருக்கட்டும்டா. யார் கண்டா.”

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனான். சீட்டியடித்தான்!

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. பயல் யாரோடு வருகிறான் என்று பார்த்துவிட்டு, பொங்கல் கழிந்து எழுதுகிறேன்.