இரண்டாம் ஜன்னலில் அங்கீகரிக்கப்பட்ட நாடு

அனுப்புநர்
மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர்,
எல்லைச் சாவடியிலிருந்து நான்காவது கடை,
பாலம் சாலை.

பெறுநர்
துணைச் செயலாளர் அவர்கள்,
எல்லைப் பிரிவு, வெளியுறவு அமைச்சகம்,
தலைநகர்.

பொருள்: சாவடியின் இரண்டாம் ஜன்னல் எழுத்தர், அரசின் அனுமதியின்றி ஒரு நாட்டை அங்கீகரித்ததாகத் தொடங்கப்பட்ட நடவடிக்கையைக் கைவிட்டு, அவரை மீண்டும் அதே நாற்காலியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அவருக்குத் தாங்கள் அனுப்பிய விளக்கம் கேட்கும் குறிப்பாணை. (சாவடி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததால் நானும் படிக்க நேர்ந்தது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேற்படி முகவரியில் கண்ணாடிக் கடை நடத்தி வருகிறேன். சாவடிப் படிவங்களைப் படிக்க முடியாமல் வரிசையிலிருந்து திரும்புகிறவர்களே என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். ஆகவே அரசின் சிறிய எழுத்துகளுக்கு நன்றிக்கடன் பட்டவன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பாலத்துக்கு அப்பால் உள்ள நிலப்பரப்பு பத்தொன்பது ஆண்டுகளாகத் தன்னை ஒரு நாடு என்று சொல்லி வருகிறது. நம் அரசு அப்படி ஒரு நாடு இல்லை என்று சொல்லி வருகிறது. நம் வரைபடத்தில் எல்லைக்கோடு பாலத்தின் அந்த முனைக்கும் அப்பால் ஓடுகிறது. அவர்கள் வரைபடத்தில் இந்த முனையிலேயே நிற்கிறது. இரு தரப்பும் முழுப் பாலத்துக்கும் உரிமை கோருவதால், அதன் கைப்பிடிக் கம்பிகளுக்கு எவரும் வண்ணம் அடிப்பதில்லை. இதில் எனக்குத் தனிக் கருத்து ஏதும் இல்லை. ஒரு நாட்டுக்கு நிலையான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் தகுதி ஆகிய நான்கும் வேண்டும் என்று சர்வதேசச் சட்ட நூல்கள் சொல்கின்றன. அந்த நான்கில் அங்கே எத்தனை உண்டு என்று தீர்மானிக்கும் பொறுப்பு தங்களுடையது. என் மனைவியின் அண்ணன் அங்கே உண்டு என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

3. அவர் தையல்காரர். அந்த நிலப்பரப்பின் முதல் கொடியைத் தைத்தவரும் அவரே. நீலத்துணி போதாமல் போனதால் நடுப்பட்டை ஒடுங்கிப்போயிற்று. அதற்கு அவர்கள் பின்னாளில் ஏழு பக்கத்தில் வரலாற்று விளக்கம் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு இப்போது இரண்டு சிறுநீரகங்களும் சரியில்லை. டயாலிசிஸ் இயந்திரம் நம் பக்கத்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. ஆதலால் வாரம் இரண்டு முறை, இல்லாத நாட்டிலிருந்து இருக்கிற நாட்டுக்கு அவர் பாலத்தைக் கடந்து வரவேண்டியவர்.

4. இப்படி வருகிறவர்களின் கடவுச்சீட்டில் நாம் முத்திரை குத்துவதில்லை. குத்தினால் அதைக் கடவுச்சீட்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பதிலாக, வரிசை எண் அச்சிட்ட ஒரு தனித்தாளில் முத்திரை குத்தி, கடவுச்சீட்டுக்குள் செருகிக் கொடுப்பது வழக்கம். திரும்பும்போது தாளை வாங்கிக்கொள்வோம்; வந்தவர் வரவே இல்லை என்றாகிவிடும். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை யோசித்தவர் எவரோ, அவரை நான் வணங்குகிறேன்.

5. பதினான்கு ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டை நடத்தி வந்தவர் இரண்டாம் ஜன்னல் எழுத்தர். வரிசையில் நிற்பவர்கள் அவரை ‘ஜன்னலக்கா’ என்பார்கள். அவர் வேலை செய்யும் முறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. நோயாளிகளுக்கென்று ஒரு நாற்காலியை ஜன்னலுக்கு வெளியே போட்டு, எவரும் நகர்த்தாதபடி கயிற்றால் கம்பியோடு கட்டி வைத்திருக்கிறார். தாளில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதுகிறார். விதியில் அது கிடையாது. ‘எத்தனை மணிக்குக் கிளம்பினார்’ என்று மருத்துவமனையில் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறார். வரிசையில் முந்துகிறவர்களை அவர் திட்டியதில்லை. “வாங்க வாங்க, உங்களுக்குத்தான் அவசரம், இவங்கல்லாம் பாலத்துல காத்து வாங்க வந்தவங்க” என்பார். முந்தியவர் தானாகவே பின்னால் போய்விடுவார்.

6. ஏழு மாதங்களுக்கு முன் தனித்தாள் அச்சிடுவது நிறுத்தப்பட்டது. அதன் தலைப்பில் ‘நுழைவு’ என்று இருப்பதாகவும், நுழைவு என்றால் எங்கிருந்து என்ற கேள்வி எழும் என்றும் தங்கள் அமைச்சகத்தில் ஒருவர் கண்டுபிடித்தார். குழு அமைக்கப்பட்டது. குழு இன்னும் தலைப்பை முடிவு செய்யவில்லை. இதற்கிடையே, கையில் இருந்த தாள்களை எழுத்தர் கத்தரிக்கோலால் இரண்டாக நறுக்கி, துண்டுக்கொரு எண் எழுதிக் கணக்கு வைத்தார். பிறகு நான்காக நறுக்கினார். கடைசி மாதத்தில் தாள், முத்திரையை விடச் சற்றே பெரிதாக இருந்தது. அந்தத் துண்டுகள் பறக்காமலிருக்க என் கடையிலிருந்து பழைய லென்ஸ் ஒன்றை வாங்கிச் சென்றார். இலவசமாகத் தருகிறேன் என்றேன். அரசு ஊழியர் பரிசு வாங்கக் கூடாது என்று விலை கொடுத்தார்.

7. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மைத்துனருக்கு முன்னால் நின்ற பெண்மணியோடு கடைசித் துண்டும் தீர்ந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை சாவடிக்கு விடுமுறை என்பதால் மைத்துனர் ஏற்கெனவே ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டவர். கால் வீங்கிச் செருப்பு ஏறாமல், கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துப்போக நான் ஜன்னலருகே நின்றேன். வெறுந்தாளில் முத்திரை குத்துவது போலி ஆவணக் குற்றம் என்று ஒரு சுற்றறிக்கை. கடவுச்சீட்டில் குத்தக் கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை. எழுத்தர் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்து ஒரு முறை படித்தார். பிறகு என் மைத்துனரின் கடவுச்சீட்டை வாங்கி, பதினான்காம் பக்கத்தில் முத்திரை குத்தி, பதினொன்று ஏழு என்று நேரம் எழுதினார்.

8. கண்காணிப்பாளர் ஓடி வந்தார். அப்போது பேசப்பட்டதை, விசாரணைக்கு உதவும் என்பதால், கேட்டபடியே தருகிறேன்.

“என்னம்மா பண்ணிட்ட? ஒரு நாட்டையே அங்கீகரிச்சிட்டியே.”

“அப்படியா சார்? சரி, நாடு எங்கயும் போயிடாது. இவரு மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.”

“மேல கேட்டா நான் என்ன சொல்றது?”

“நாடு இருக்கா இல்லையான்னு அவங்க பாத்துக்கட்டும் சார். ஆளு இருக்காரு. நாற்காலியில உக்காந்திருக்காரு.”

என் மைத்துனரும் ஒன்று சொன்னார். “மாப்ள, பத்தொம்பது வருஷம் கொடி ஏத்தி நடக்காதது, என் கால் வீங்கி நடந்துடுச்சு பாத்தியா” என்றார். அது நகைச்சுவை, அரசியல் கருத்தாகக் கொள்ளவேண்டாம்.

9. அன்று அவர் பிழைத்தார். மறுநாள் அக்கரைச் செய்தித்தாள்கள், காலை பதினொன்று ஏழுக்குத் தம் நாடு அங்கீகரிக்கப்பட்டதாக எழுதின. அதற்கடுத்த நாள் எழுத்தர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கடவுச்சீட்டு சான்றாகத் தங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டாம் ஜன்னலில் ‘தாள் இல்லை’ என்று ஒட்டப்பட்டிருக்கிறது. மைத்துனர் வீடு திரும்பினால் மறுபடி இங்கே வர வழியில்லை என்பதால் என் கடையின் பின்னறையில் படுத்திருக்கிறார். சும்மா இருக்கத் தெரியாதவர். கண்ணாடி வைக்க இதுவரை நூற்று நாற்பது துணிப்பைகள் தைத்துவிட்டார். அக்கரையில் அவர் மனைவி தனியாக இருக்கிறார். மற்ற நோயாளிகள் பாலத்தின் நடுவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

10. சட்டம் பற்றி நான் படித்த வரை: அங்கீகாரம் என்பது அரசு மனமறிந்து செய்யும் செயல். எழுத்தரின் கையிலுள்ள ரப்பர் முத்திரைக்கு அந்த அதிகாரம் கிடையாது. அங்கீகரிக்கப்படாத இடத்திலும் மனிதர்கள் பிறக்கிறார்கள், மணக்கிறார்கள், இறக்கிறார்கள். அதற்கான பதிவுகளை மறுத்து அவர்களை வதைக்கக் கூடாது என்றும் அந்த நூல்கள் சொல்கின்றன. நோய்வாய்ப்படுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

11. இந்த வாதம் தங்களுக்குப் போதாமல் போகலாம். ஆகவே ஒரு புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். மைத்துனரின் மனைவி அனுப்பியது. (தொலைபேசி மட்டும் எந்த அரசையும் கேட்காமல் வேலை செய்கிறது.) அக்கரைக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கடிதம் அது. சான்றிலுள்ள கடவுச்சீட்டு உண்மையில் அந்த அலுவலகம் வழங்கியதுதானா என்று உறுதிசெய்து விரைவில் பதிலளிக்குமாறு, ‘மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு’ எழுதப்பட்டது. அரசுச் சின்னம் இருக்கிறது. அமைச்சக முத்திரை இருக்கிறது. கையொப்பம் தங்களுடையது. “உங்க சர்க்காரே கடுதாசி போட்டிருக்கு, ஆளாளுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க” என்று மைத்துனரின் மனைவி சொன்னார்.

12. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மிக மரியாதையான கடிதம். ஒரு கடவுச்சீட்டைப் பற்றித் தெரியவேண்டும் என்றால் அதைக் கொடுத்தவரைத்தானே கேட்க முடியும்? வேறு வழியில்லாத நேரத்தில், எதிரே இருப்பவரை இருப்பவராகவே கருதி, செய்யவேண்டியதைத் தாங்கள் செய்தீர்கள். அதே காரியத்தை எழுத்தர் பதினான்கு நாள் முன்னதாக, தங்களைவிட ஆறு படி கீழான பதவியிலிருந்து செய்தார். அவருக்கு யோசிக்கக் கிடைத்த நேரம், இரண்டு சுற்றறிக்கைகளைப் படிக்கும் நேரம்தான்.

13. விசாரணை வரும் பத்தொன்பதாம் தேதி. அதற்குள் குறிப்பாணையைத் திரும்பப் பெற்று அவரை இரண்டாம் ஜன்னலில் அமர்த்தி, அவர் கையாலேயே கடவுச்சீட்டை என் மைத்துனரிடம் சேர்ப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புகைப்படத்தின் பிரதி வேறு எவருக்கும் அனுப்பப்படவில்லை. தங்கள் உத்தரவு வரும்வரை என் கடைப் பெட்டியிலேயே இருக்கும். கயிறு கட்டிய நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை நகர்த்தச் சொல்லி வந்த காவலர், முடிச்சை அவிழ்க்க முடியவில்லை என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்குக் கண்ணாடி தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

தங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கும்,
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்
(ஒப்பம்)

இடம்: பாலம் சாலை, இந்தக் கரை
நாள்: பதினோராம் தேதி, செவ்வாய், காலை 11.07

இணைப்பு: புகைப்படம் ஒன்று. கண்ணாடி வைக்கும் துணிப்பை ஒன்று (நீலம், இம்முறை துணி போதுமானதாக இருந்தது. விலைச்சீட்டு உள்ளே).