மீனாவின் சனிக்கிழமை வெளிச்சம்

1936 ஆகஸ்ட் 1, சனி

நாலு மணிக்கு மழை, ஆறுக்கு விட்டது. எட்டரைக்குப் பாதி வானம் திறப்பு. நிலா பெரிது, இன்னும் இரண்டு நாளில் முழுசு. எரிச்சல். போதாததற்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டு இஞ்சின் புகை.

வால் நட்சத்திரம் (வா.ந.) வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊதிவிட்ட பஞ்சு. பைனாக்குலர் திருகைத் திருப்பி மற்ற நட்சத்திரங்களையும் அதே அளவு பஞ்சாக்கி, எது எதற்குச் சமம் என்று மூன்று முறை பார்த்தேன். வெளிச்ச எண் 3.6.

அவர் இல்லை. கிள்ளான் கூட்ஸ் ஆபீசில் வேலை, இரவு தங்கை மீனா வீட்டில் தங்கல். விளக்கின் சிவப்புத் துணியை நானே நீக்கி, நானே எழுதி, நானே மறுபடி மூடி, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் வீண். ஒன்பது வருடமாக நான் எண்ணைச் சொல்வேன், அவர் எழுதுவார். இன்று அந்தக் கை மீனா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும்.

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட மறந்தேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

காலை ரயிலில் வந்தார். டிபன் கேரியரில் மீ. கொடுத்த இறால் தொக்கு. வாசலிலேயே:

"மீனாவுக்கு நேத்து மூணு புள்ளி ரெண்டு. உனக்கு?"

"ஒருத்தர் எண்ண இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உன்னுதுதான் எழுதியாச்சே!"

"இன்னிக்குப் பாக்கறப்ப அது காதுல நிக்கும்."

"கண்ணால பாக்கறதுக்குக் காது எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

3.2. எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். அதாவது அவளுடைய வா.ந. என்னுடையதைவிடப் பிரகாசம். முதல் நாள் இந்தக் கணக்கைச் சொன்னபோது மீ. சொன்னாள்: "எங்க சின்ன மாமியார் மாதிரியா அண்ணி? ஆள் குட்டை, அதிகாரம் பெருசு." அவர் அரைமணி நேரம் சிரித்தார். நான் ஒன்பது வருடத்தில் ஒரு முறையாவது அப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேனா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மீனாவுக்கு முப்பத்தாறு. தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை. கிட்டப்பார்வை. நான் திருகைத் திருப்பி மெனக்கெட்டுச் செய்வதை அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் செய்துவிடுகிறாள். "கழட்டிட்டா எனக்கு எல்லாமே பஞ்சுதான் அண்ணி." குறை என்று இருப்பதே அவளுக்குக் கருவியாகிவிட்டது.

மீ.க்கு இருப்பவை: மூன்று பிள்ளைகள். எண்ணெய்க் கடைக்கு மேல் மாடி வீடு. திறந்த தளம். ஆற்றுப் பக்கம் இருட்டு. அண்ணன்.
எனக்கு: பி.ஏ.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மேகம். பார்க்கவில்லை. முழு நிலா நேற்றுத்தான் கழிந்தது, மேகம் இல்லாவிட்டாலும் பயனில்லை.

பால்காரர் காலையில்: "அக்கா, வால் முளைச்ச வெள்ளி வந்தா மாட்டுக்குப் பால் வத்துமாமே?"

"உங்க மாட்டுக்குத் தண்ணி வத்தாம இருந்தா சரிண்ணே."

கோபப்படவில்லை. "டீச்சர்கிட்ட வாய் குடுக்க முடியாதுலா" என்று போனார்.

சீமை வானநூல் சங்கச் செயலாளரின் கடிதம். மலாயாவிலிருந்து ஒரே ஓர் அட்டவணைக்குத்தான் அச்சில் இடமாம். எது சீராக இருக்கிறதோ அது. பதினைந்தாம் தேதித் தபாலில் சேர்க்க வேண்டும்.

ஒன்பது வருடத்தில் என் பெயர் ஒரே முறை வந்தது, பதினொரு பெயர்களுக்கு நடுவில், எழுத்துப் பிழையோடு. முழு அட்டவணை என்றால் தனிப் பக்கம். தலைப்பில் பெயர், ஊர். எத்தனை வருடமாக அந்தப் பக்கத்தை நினைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அவர் படித்துவிட்டு, "ரெண்டு பேருதும் அனுப்புவோம். எது வந்தாலும் நம்ம வீட்டுக்குத்தானே பெருமை?"

நம்ம வீடு. எது?

ஆகஸ்ட் 6, வியாழன்

நிலா எழும் முன் ஒன்றரை மணி நேரம் நல்ல இருட்டு. அவர் வீட்டில். நான் சொன்னேன், அவர் எழுதினார். 3.3. "நிச்சயமா?" என்று வழக்கம்போல் கேட்டார், "நிச்சயம்" என்றேன். இருமல் மருந்து வாசனை, கொசு, யார்டில் வேகன்கள் மோதும் சத்தம். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளே வரும்போது: "கமலா, கண் டாக்டர் யாராச்சும் நல்லவரா தெரியுமா? மீனா கேட்டா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

எனக்கு உடனே வந்தது சந்தோஷம். கவலை அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

துணி வெளுத்தது: போர்வை 2, சேலை 3, அவர் சட்டை 5.

மீ.யின் தாள்களை அவர் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், ஆபீசில் டைப் அடிக்க. இருவரும் முடிக்கும்வரை பார்க்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. அவர் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும் பார்த்தேன்.

ஜூலை 25, ஆகஸ்ட் 1, ஆகஸ்ட் 8. மூன்று நாளும் அவளுடைய வா.ந. என்னுடையதைவிட நன்றாகவே பிரகாசம். நடுவில் சில நாள் மங்கல். மூன்றும் சனிக்கிழமை.

அவர் திரும்பி வந்து எட்டிப்பார்த்து, "சனிக்கிழமை ஆலையெல்லாம் அரை நாள். கிள்ளான்ல புகை கம்மி. அதான் பளிச்சுன்னு தெரியுது" என்றார். தங்கைக்காகப் புகையைக்கூட அடக்கிவிடுவார்.

காரணத்தை நான் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு நாளும் அவள் ஒப்பிட்டிருப்பது திருவோணத்துக்கு நேர் தெற்கே நாலு விரல் தள்ளி இருக்கும் நட்சத்திரம். அதுவே ஏழு நாளுக்கு ஒரு முறை வெளிச்சம் ஏறி இறங்குவது. என் நட்சத்திரப் படத்தில் அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி, ஒப்பிட ஆகாது என்று. அதை அளவுகோலாக வைத்தால், அது மங்கும் நாளில் வா.ந. கூடினது போலத் தெரியும். நீண்டு சுருங்கும் ரப்பரால் துணி அளந்த மாதிரி.

வாய்விட்டுச் சிரித்தேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

இதைப் பார்க்கிற செயலாளர் அட்டவணையை அப்படியே ஒதுக்கிவிடுவார். மிச்சம் என்னுடையது ஒன்றுதான். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

சொல்லவில்லை.

காரணங்கள்:
ஒன்று, ஒருவர் எண்ணில் இன்னொருவர் தலையிடக் கூடாது.
இரண்டு, அவளாகத் தேர்ந்த நட்சத்திரம். அளக்க வருகிறவள் விசாரித்திருக்க வேண்டும்.
மூன்று, நான் தாள்களைப் பார்த்ததே விதிக்கு விரோதம். பார்க்காததைப் பற்றி எப்படிச் சொல்வது?

மூன்றாவதை எழுதும்போது எனக்கே வெட்கம்.

வகுப்பில் ஒருத்தி, "டீச்சர், வால் எங்க டீச்சர்? எங்கப்பா பொய்யிங்கறாரு." ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பெண் என்ன செய்தாள் பாவம்.

இரவு 4.2. நானே எழுதினேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

பள்ளி விட்டதும் அவரோடு கிள்ளான் போனேன். ஏன் போனேன்? அவள் தப்பாகப் பார்ப்பதைப் பார்க்க. வேறு காரணம் இல்லை.

கடை வாசலில் மீ.யின் கணவர்: "வாங்க டீச்சரம்மா! உங்க புண்ணியத்துல என் பொண்டாட்டி ராத்திரி வானத்தப் பாக்குறா, பகல்ல தூங்குறா. எனக்குத்தான் வால் முளைக்கல."

மாடித் தளம். வா.ந. தெற்கே நன்றாக இறங்கிவிட்டது, மங்கல். மீ. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணாந்து நின்றாள். நேரம் எடுத்துக்கொண்டாள். அவசரமே இல்லை. நான் முதல் வருடங்களில் அப்படி நின்றிருப்பேன்.

அவர் கீழே போனதும் மெதுவாக, "அண்ணி, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே?"

விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடுகள். வரிசை வரிசையாக, ஒரு நாளுக்கு மூன்று, வெளிச்சத்துக்கு ஏற்ற நீளத்தில்.

"நடுவுல இருக்கறது திருவோணத்துக்குக் கீழ இருக்கற அந்த நட்சத்திரம். ரெண்டு பக்கமும் அதோட பக்கத்து நட்சத்திரங்க. இவங்க ரெண்டு பேரும் ஒழுங்கா நிக்கிறாங்க. அது மட்டும் நிக்க மாட்டேங்குது அண்ணி. ரெண்டு நாள்ல ஏறுது, அஞ்சு நாளா இறங்குது. மறுபடி ஏறுது. என் கண்ணு போகுதுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் போச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க எழுதிக் குடுத்த படம் அண்ணி. அது தப்பா இருக்குமா?"

இடுப்பில் செருகியிருந்த படத்தை எடுத்துப் பிரித்தாள். எண்ணெய்க் கறை. திருவோணத்துக்குத் தெற்கே 3.8 என்று என் கையெழுத்து, தட்டைத் தலை வைத்த என் மூன்று. சிவப்புக் குறி இல்லை. ஜூன் மாதம், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே நகல் எடுத்தது. சிவப்பு மை அடுத்த அறையில் இருந்தது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.

அவள் தேர்ந்தது இல்லை. நான் கொடுத்தது.

அதோடு இன்னொன்று. புத்தகம் இல்லாமல், சொல்லித்தர ஆள் இல்லாமல், தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, இந்தப் பெண் அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தானே கண்டுபிடித்திருக்கிறாள். நான் அச்சில் படித்துத் தெரிந்துகொண்டதை. சுவரைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்த நேரத்தில்கூட.

"அது மாறுற நட்சத்திரம் மீனா. எல்லாருக்குமே அப்படித்தான் தெரியும். குறி போட விட்டுட்டேன்."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக் கத்தினாள்: "ஏங்க! என் கண்ணு நல்லா இருக்குங்க!"

கீழேயிருந்து: "அப்ப வந்து என் செருப்பத் தேடிக் குடு!"

சிரித்து, அழுது, மூக்கைத் துடைத்தாள். பதினைந்து நாளாகத் தூக்கமில்லையாம். பிள்ளைகள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வாளாம்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது அண்ணி?"

"இப்பத்தான்."

கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பள்ளிக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

சுவர்க் கோடுகளை நேற்று நகல் எடுத்து வந்தேன். பக்கத்து நட்சத்திரங்கள் இரண்டும் மாறாதவை, அவற்றின் எண் புத்தகத்தில் உண்டு. அதனால் ஒவ்வோர் இரவும் நடு நட்சத்திரம் எவ்வளவு இருந்தது என்று தெரிகிறது. அது தெரிந்தால் அவளுடைய வா.ந.வும் சரியாகிவிடும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை கணக்கு.

முடித்து, வரைபடத் தாளில் இரண்டையும் போட்டேன். என்னுடையது குலுங்குகிறது. நிலா நாட்களில் இரண்டு இடத்தில் பள்ளம். மேகம் வந்த நாலாம் தேதி ஒரு ஓட்டை. அவளுக்குக் கிள்ளானில் அன்று மேகம் இல்லை. அவளுடையது ஏறி, உச்சி தொட்டு, இறங்குகிறது. வழுக்கிக்கொண்டு.

பென்சிலை நாலு இடத்தில் அரை விரல் தள்ளி வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வைக்கவில்லை. இதை நல்ல குணம் என்று எழுத மாட்டேன். கணக்கில் பொய் எனக்கு வராது, அவ்வளவுதான். வாயால் வருகிறது. "இப்பத்தான்" என்று எவ்வளவு சுலபமாக வந்தது.

ஒன்பதாம் தேதியே சொல்லியிருந்தால் அவளுக்கு நாலு இரவு தூக்கம்.

அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "இது மீனாதா?"

"ஆமா."

"உன்னுது?"

"கீழ இருக்கறது."

ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. சோறு போட்டேன், ரசத்தில் உப்பு இல்லை என்று கூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 15, சனி

வெயில். அவருக்கு அரை நாள் ஆபீஸ். வத்தல் காயப்போட்டேன்.

அட்டவணைகளோடு வைக்கும் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். "மீனாட்சி அம்மாளின் படத்தில் இருந்த பிழை என்னுடையது. அதை அவரே தம் பார்வையால் கண்டார்." இரண்டாவது வாக்கியம் முதல் இரண்டு நகலில் இல்லை. நான் சொல்லாமல் இருந்த நாலு நாளைப் பற்றி எந்த நகலிலும் இல்லை.

அவர்: "எத முதல்ல வைக்கட்டும்?"

"மீனாது."

"நிச்சயமா?"

பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். வைத்தார். ஒட்டினார். சீமைத் தபால் பையை ஐந்து மணிக்குக் கட்டிவிடுவார்கள் என்று நாலரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மெதுவாகத்தான் நடப்பார், முட்டி வலி.

நாலு முப்பத்தைந்து. ஓடினால் பாலத்துக்கு முன்னாலேயே பிடித்துவிடலாம். "ஒரு எண் தப்பு, குடுங்க" என்றால் கொடுத்துவிடுவார். என் கணக்கை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. அடுத்த தபாலுக்குத் தேதி தாண்டிவிடும். பிறகு யாருடையதும் அச்சில் வராது.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நாலு நாற்பத்தைந்து. வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "எங்க டீச்சர், வெளிய கிளம்பிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நாலு ஐம்பத்தெட்டு. இன்னும் படியில்தான், செருப்பும் காலில்தான் இருக்கிறது.