ரூத் முன்னால் ஓடிய ஈஸ்டர் காலை

கர்த்தருக்குள் இளைப்பாறும் என் அன்பு எஸ்தருக்கு,

இன்று ஈஸ்டர் திங்கட்கிழமை. ஆபீஸ் விடுமுறை. ஹவுராவில் நம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே உன் மதினி, என் அக்கா, யாரையோ அதட்டுகிறாள். நம் ரூத் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நான் நடைபிணம்தான். காலையில் படகேறி கார்டன் ரீச் ஆபீஸுக்குப் போவேன், இருட்டிய பின் திரும்புவேன். கோயில் பக்கமே போகவில்லை. உன்னை அடக்கம் செய்த இடத்துக்குப் போகவும் தைரியம் வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளையைப் பகலெல்லாம் எதிர்வீட்டு வங்காளப் பெரியம்மா, நம் மாஷிமாதான் வைத்துப் பார்த்துக்கொண்டார். ரூத்தின் வாயில் இப்போது தமிழைவிட வங்காளம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

என்னால் தனியாக வளர்க்க முடியாது என்று அக்காவுக்கு எழுதினேன். குருத்தோலை ஞாயிறு கழிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். ஈஸ்டர் முடிந்து இன்றைய ரயிலில் ரூத்தை ஊருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவளும் பாவம், புருஷன் போய்ப் பிள்ளையுமில்லாமல் தனியாக இருப்பவள். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "என்ன ஊருல இது, மூச்சு விட்டா மூக்குல கரி ஏறுது!"

நேற்று விடியுமுன்னே என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏல சாமுவேலு, எந்திரி. எஸ்தரைப் பாத்துட்டு வருவோம்."

"நான் வரலக்கா. என்னால முடியாது."

"ஆண்டவரைத் தேடிக் கல்லறைக்குப் போன பொம்பளைகளும் அழுதுக்கிட்டுதான் போனாங்க. நீயும் அழுதுக்கிட்டே வா."

போனேன். கல்லறைத் தோட்டத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கூடியிருந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். புல் மண்டிக் கிடக்குமே, அதை எப்படிப் பார்ப்பது என்று கால் எழவில்லை.

அப்போது ரூத் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். கற்களுக்கு நடுவே வளைந்து, மாமரத்தடியில் திரும்பி, நேராகப் போய் நின்றாள். "பாபா, மா எகானே!" என்று கூப்பிட்டாள். அம்மா இங்கேதான் இருக்கிறாளாம். தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியை அழைப்பதுபோல என்னை அழைத்தாள், எஸ்தர்.

உன் இடத்தில் ஒரு களை இல்லை. தலைமாட்டில் மல்லிகைச் செடி பூத்திருந்தது. யார் வைத்தது என்றேன். "மாஷிமா வச்சாங்க. நான் தண்ணி ஊத்துவேன்" என்றாள்.

உபதேசியார் உரத்த குரலில், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்றார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று எல்லோரும் சொன்னபோது என் குரலும் அதில் இருந்தது. நீ எழுந்து வந்துவிடவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நான் முனகிக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் வாசலுக்கு எதிரிலேயே ஒருத்தியை வைத்திருந்தாரே! எப்படி நன்றி சொல்ல? பாட்டுத் தொடங்கியதும் தொண்டை கிழியப் பாடினேன். அக்கா பக்கத்தில் வழக்கம்போல் சுருதி சேராமல் பாடினாள். அதுவும் இனிமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால், மாஷிமா லுச்சிப் பூரியும் சந்தேஷ் இனிப்பும் கொண்டுவந்து காத்திருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பிள்ளை தினமும் அம்மாவைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான், கூட்டிப்போனேன். உனக்கும் ஒரு நாள் வரும் என்று சும்மா இருந்தேன்" என்றார் வங்காளத்தில்.

மத்தியானம் அக்கா ரூத்தின் கவுன்களைப் பெட்டியில் அடுக்கினாள். ரூத் வந்து பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "ஜாபோ நா."

"பிள்ளை என்னல சொல்லுதா?"

"போக மாட்டாளாம்."

"நீ என்ன சொல்லுத?"

"எனக்கும் அனுப்ப மனசில்லக்கா. நானே வளர்க்கிறேன்."

அக்கா பிள்ளையை இறக்கிவிட்டு, கவுன்களை எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாள். "அங்க எனக்கு மட்டும் யாரு காத்துக்கிட்டு இருக்கா? நானும் போகலன்னு இந்தப் பாஷையில எப்படிச் சொல்லணும்?"

"ஆமியோ ஜாபோ நா" என்று சொல்லிக் கொடுத்தேன். வாசலில் நின்ற மாஷிமாவைப் பார்த்து, "ஆமியும் சாபோ நா!" என்று தெருவுக்கே கேட்கும்படி முழங்கினாள். மாஷிமா சிரித்தபடி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

எஸ்தர், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அழுகை வருமே என்று பயந்து இனி உன் பேச்சை எடுக்காமல் இருக்க மாட்டேன். நீ எப்படி நடப்பாய், எதற்குக் கோபப்படுவாய், எப்படிச் சிரிப்பாய் எல்லாம் நம் மகளுக்குச் சொல்வேன். நாம் மறுபடி கூடும் அந்த விடியலில், இவள்தான் உன் அம்மா என்று அவளுக்கு யாரும் காட்டித்தர வேண்டியிருக்காது.

அந்த நம்பிக்கையோடு,
ரூத்தின் அப்பா,
உன் சாமுவேல்