திரை இரண்டு தடவை ஆடியது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியதை நான் நம்பவில்லை. கடைசிப் பக்கத்தில் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. படுத்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் முதுகுவலி இன்னும் விடவில்லை. தைலம் வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஒருவருக்காவது முதுகு தேய்த்துவிடத் தெரியாதா?

ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், உன் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது இருமுகிறார்கள், எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் கடிதம். பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் செய்தி. அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஆமாம், நம் அரங்கம்தான். கூரை ஒழுகி, மேலே இருந்த சுண்ணாம்புப் பூவேலை பெயர்ந்து நடு இருக்கைகளில் விழுந்து, உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிப் பூட்டினார்களே, அதே அரங்கம். ஒரு வருடத்தில் திறந்துவிடுவார்கள், அதுவரைக்கும்தான் துறைமுக வேலை என்று சொல்லித்தான் நீங்கள் பெட்டியைக் கட்டினீர்கள். அப்போது நம் வாயாடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. கணக்கில் உங்களைப் போல, வாயில் யாரைப் போல என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தங்கைதான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கண்ணன் வேலை பார்த்த இடத்தைப் புள்ள பாக்க வேணாமான்னு ஒரே பிடிவாதம். எனக்குப் போக மனமே இல்லை. தைக்க வேண்டிய துணி மலை போல் கிடக்கிறது என்றேன். துணி எங்கேயும் ஓடிப்போகாது அண்ணி என்று என் கையிலிருந்த கத்திரியைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டாள். ஞாயிறு மாலைக் காட்சி.

வாசல் அப்படியே இருக்கிறது. நடுவில் குழிந்துபோன அந்தக் கல்படிகளை மாற்றவில்லை, நல்ல காலம். கைப்பிடிப் பித்தளையைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கைகளுக்கெல்லாம் புது உறை. தையல் சுமார்தான், மூலைகளில் சுருக்கம் விழுந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டிருந்தால் இதைவிட நன்றாகச் செய்து கொடுத்திருப்பேன். மேலே மாடியில் தூணுக்குப் பின்னால் இருக்கும் நம் இருக்கையையும் போய்ப் பார்த்தேன். யாரும் வாங்க மாட்டார்கள் என்று வேலைக்காரர் குடும்பத்துக்கு விட்டிருந்தார்களே, அது. அதற்கும் புது உறை, புது எண். தூண் மட்டும் நகரவில்லை. அங்கே உட்கார்ந்தே இத்தனை நாடகம் பார்த்தவள் நான். இந்த முறை கீழே நடுவில் உட்கார்ந்தபோதுதான் மேடைக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

ஆனால் தூணுக்குப் பின்னால் இருந்து வேறொன்று தெரியும். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். திரை தூக்குவதற்கு முன்னால் கயிற்றைச் சுண்டி நீங்கள் இரண்டு தடவை ஆட்டுவீர்கள். திரையின் கீழ் ஓரம் இரண்டு தடவை அசையும். வந்துட்டியா என்று அதற்கு அர்த்தம். நான் இருட்டில் கையைத் தூக்குவேன். உங்களுக்கு அது தெரியவே தெரியாது, இருந்தாலும் தூக்குவேன். அந்தக் கதையை நம் மகளுக்குத் தூங்கவைக்கும்போது நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். உங்களைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் வேறு என்ன இருக்கிறது? நீங்கள் கப்பலில் சரக்குக்குக் கயிறு கட்டுவதை நான் கண்டேனா?

விளக்கு அணைந்தது. புதுத் திரை, நல்ல கனமான துணி, கருஞ்சிவப்பு. நான் அதன் மடிப்பு ஓரத்தை எப்படி அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த ஓரம் அசைந்தது. ஒரு தடவை. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை.

சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டீர்கள், உங்கள் தங்கையும் சேர்ந்து நாடகம் ஆடுகிறாள், அதற்குத்தான் இந்தப் பிடிவாதம் என்று மனதில் என்னென்னவோ ஓடியது. கை தானாக மேலே போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நம் மகள் இருக்கையின் மேல் ஏறி நின்று, கையைத் தூக்கி, அப்பா என்று கத்தினாள். நான் இங்க இருக்கேம்ப்பா என்று இன்னொரு தடவை. அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாடகத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

உங்கள் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் நீங்கள் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. அவள் திருதிருவென்று விழித்தாள்.

நாடகம் எப்படி என்று கேட்பீர்கள். ஒரே வீட்டை இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்ட கதை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதாநாயகன் இரண்டு இடத்தில் சறுக்கிவிட்டு, புதுத் தரை வழுக்குகிறது என்பது போலக் காலைக் காலைப் பார்த்தான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில்லை. நான் திரை மறைந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளும் அங்கேதான் பார்த்தாள்.

முடிந்ததும் பக்கவாட்டு வாசலுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். கதவைத் திறந்து குனிந்து வெளியே வந்தது யார் தெரியுமா, நீங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுவீர்களே, உங்கள் பழைய உதவியாள், அவன்தான். கழுத்து இன்னும் நீளமாகிவிட்டது போல இருக்கிறது. இப்போது அவன்தான் திரை இழுக்கிறான். என்னைக் கண்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. திரையை ஏன் ஆட்டினாய் என்று கேட்டேன். அண்ணன்தானே அண்ணி சொல்லிக்கொடுத்தாரு, ரெண்டு தடவ ஆட்டிட்டுத்தான் தூக்கணும், இல்லன்னா தூசியெல்லாம் நடிகருங்க தலையில கொட்டும்னாரு என்றான். தூசியாம்! நேற்று வந்த திரையில் ஏதடா தூசி என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, அண்ணன் சொன்ன முறைய மாத்தலாமா, இப்ப நடிகருங்களும் அதப் பாக்காம மேடைக்கு வர மாட்டேங்குறாங்க, ராசியாம் என்றான்.

பெண்டாட்டிக்குச் சைகை காட்டுவதை மறைக்க நீங்கள் அவிழ்த்துவிட்ட ஒரு புளுகு, இன்று அந்த அரங்கத்துக்கே சட்டமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நம் மகள் மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பேருந்தில் வரும்போதுதான் கேட்டாள், அப்பா ஆட்டினா இதவிட நல்லா இருக்குமாம்மா என்று. ஆமாம் என்றேன். பிறகு, அப்பா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். வீட்டில் மாட்டியிருக்கிறதே படம் என்றேன். படத்துல இல்லம்மா, அசையும்போது என்றாள். கண்ணை மூடி நானும் பார்த்தேன். உங்கள் கைதான் வந்தது. முகம் வர நேரமாயிற்று. உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒட்டகம் இன்னொன்றும் சொன்னான். மேலே கயிறுகளையெல்லாம் மேற்பார்வை பார்க்க மூத்த ஆள் தேடுகிறார்களாம். அண்ணன் வருவாரான்னு மேலாளரம்மா என்கிட்ட ரெண்டு தடவ கேட்டாங்க, வேற ஆளப் போடறதுக்குள்ள சொல்லுங்க அண்ணி என்றான். உங்கள் தங்கை, அங்க வர்ற சம்பளத்துல பாதிகூட இங்க வராது, நல்லா யோசிங்க என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நானும் யோசித்தேன். கடை வைக்கிற அளவுக்கு என்னிடம் தையல் வருகிறது. நம் தேவையும் பெரியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் விருப்பம் போலச் செய்யுங்கள் என்றுதான் எப்போதும் எழுதுவேன், நல்ல பெண்டாட்டி என்று பேர் எடுக்க. இந்த முறை என் விருப்பத்தைக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பணம் மாதம் தவறாமல் வருகிறது, நீங்கள்தான் வரவில்லை. எனக்கு நீங்கள் வேண்டும்.

அன்று கிளம்பும்போது ஒட்டகத்திடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். இனிமேல் திரையை ஆட்டாதே, நேராகத் தூக்கு என்றேன். ஐயையோ, அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னத் திட்டுவாரே என்றான்.

வந்து திட்டட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

தூணுக்குப் பின்னால் இருக்கும்,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: வாயாடி தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறாள். அப்பா நான் கைய தூக்கினேன் பாத்தியா.